கால்குலஸ் வகுப்பும் மண்டபத்து வரிசையும்

1

கொழும்பு, கொட்டாஞ்சேனை. பிற்பகல் இரண்டு மணி.

ஊரில் உள்ளவர்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்க்கொண்டே இருப்பேன். ஏற்கெனவே ஏழெட்டுத் தடவை போயாகிவிட்டது. என் வீட்டுக்காரி வள்ளியம்மை, "வாசப்படி தேஞ்சிரும். ஒரு எடத்துல உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்துவிட்டேன். மடியில் பலகை, பலகை மேல் தாள், கையில் பென்சில்.

என் மகள் செண்பகம் காலேஜுக்குப் போயிருக்கிறாள். முதல் வருஷக் கணக்கு வகுப்பின் கடைசிப் பரீட்சை முடிவை இன்று மூன்று மணிக்குப் பலகையில் ஒட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, பொரளை டிராமில் கோட்டைக்கு வந்து, அங்கே கிராண்ட்பாஸ் டிராம் மாறி, இறங்கி நடந்து வருவதற்கு ஐந்து மணி ஆகும். அவள் பேர் அந்தத் தாளில் இருந்தால் இரண்டாம் வருஷம். இல்லாவிட்டால் படிப்பு இதோடு சரி. அந்த வகுப்பில் ஒருதடவை விழுந்தவர்களை மறுபடி சேர்ப்பதில்லை.

இந்த ஊருக்கு நான் வந்து நாற்பத்தோரு வருஷம். துறைமுகத்தில் வின்ச் ஓட்டினேன். கப்பலின் அடியிலிருந்து அரிசி மூட்டைகளை வலையோடு தூக்கி, பக்கத்தில் நிற்கிற படகில் இறக்குகிற நீராவி யந்திரத்துக்கு அந்தப் பேர். முழங்கால் போனபிறகு வீட்டில் இருக்கிறேன். செண்பகம் எனக்கு நாற்பத்து நான்கு வயதில் பிறந்தவள். பிள்ளை பிறக்காது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்தவள். அதனால் கொஞ்சம் செல்லம். அவள் அம்மா கொஞ்சம் இல்லை என்பாள்.

2

போன வருஷம் வகுப்பு தொடங்கிய அன்று செண்பகம் ஒரு தாள் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அந்த வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று லெக்சரர் பதினோரு விதி எழுதியிருந்தார். தகப்பன் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கீழே ஒரு கோடும் இருந்தது.

எனக்கு ஆச்சரியம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே விதிதான்: வாத்தியார் வந்தால் பள்ளிக்கூடம். அவருக்கு ஊருக்கு வெளியே மிளகாய்த் தோட்டம் இருந்தது. மிளகாய் பழுக்கிற காலத்தில் அவர் வரமாட்டார். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் எழுந்து வந்தவன்தான், திரும்பப் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பிள்ளை வராவிட்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்து, டைப் அடித்து, தகப்பனுக்கு அனுப்புகிற பள்ளிக்கூடம் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாசிச்சுக் காட்டு தாயி" என்றேன். அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள், தட்டினாலும் திறக்கமாட்டார்கள். வாராவாரம் பயிற்சிக் கணக்கைத் திங்கட்கிழமை காலையில் பெட்டியில் போட வேண்டும். பெட்டியை எடுத்துப் போனபிறகு வருகிற நோட்டை யாரும் தொடமாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து யோசிக்கலாம்; ஆனால் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டு நோட்டில் ஒரே தப்பு ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் பூஜ்யம். விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. அது வந்த வழியையும் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் அவளை நிறுத்தினேன்.

"விட சரியா இருந்தாலுமா?"

"ஓம் அப்பா. விட சரியா இருந்தாலும்தான்."

"வழி சரியா இருந்து, விட தப்பாப் போனா?"

"பாதி மார்க் உண்டு."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னேன். அடுப்படியிலிருந்து வள்ளியம்மை கேட்டாள்: "இந்த விதி வீட்டுக்கும் உண்டா? மீன் வாங்கப் போன மனுசன் மூணு மணி நேரம் எந்த வழியா வந்தாருன்னு நானும் கேக்கணும்."

ஒன்பதாவது விதிதான் பின்னால் எங்களைப் பிடித்தது. வருஷத்தில் மூன்று சோதனை உண்டு. தவறவிட்டவருக்கு மறுபடி வைக்கமாட்டார்கள். டாக்டர் கொடுத்த சீட்டு இருந்தால், கடைசிப் பரீட்சையில் வாங்குகிற மார்க்கே தவறிய சோதனைக்கும் மார்க் ஆகும். சீட்டு இல்லாவிட்டால் பூஜ்யம். சோதனையில் பூஜ்யம் வாங்கியவர் பேரை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"கடுமதான்" என்றேன். "ஆனா நீ ஏன் தவற விடப்போற?"

"தமிழ்ல கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?" என்றும் கேட்டேன்.

"எந்த பாஷையெண்டு விதியில இல்ல. போடுங்க."

போட்டேன். அடுத்த நாள் டிராமில் கண்டக்டரைக் கூப்பிட்டு, "மல்லி, என் மகள் கால்குலஸ் படிக்கிறாள்" என்று சொன்னேன். மல்லி என்றால் இங்கே தம்பி. அது என்ன என்று அவன் சிங்களத்தில் கேட்டான். எனக்கும் அப்போது தெரியாது. "பெரிய கணக்கு" என்று கையை விரித்துக் காட்டினேன். அவனும் தலையை ஆட்டினான்.

3

இரண்டாம் வாரம் எனக்கும் தெரிந்துவிட்டது. செண்பகம் மேசையில் வளைந்த கோடு ஒன்று வரைந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒரு சாமான் ஓடிக்கிட்டு இருக்குது அப்பா. வேகம் மாறிக்கிட்டே இருக்குது. சரியா இந்த நொடியில அதுட வேகம் என்ன? அதைக் கண்டுபிடிக்கணும்."

"இதுக்கா காலேஜு?" என்றேன்.

நான் சும்மா சொல்லவில்லை. வலை கீழே இறங்குகிறபோது மேலிருந்து கீழ்வரைக்கும் மொத்தத்தில் என்ன வேகம் என்று தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. படகுப் பலகைக்கு இரண்டு முழம் மேலே இருக்கும்போது, அந்த இடத்தில், அந்த நொடியில் என்ன வேகம் என்று கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் நீராவியைக் குறைக்கலாம். தெரியாதவன் வின்ச் ஓட்டினால் கீழே நிற்கிறவன் கால் போய்விடும். இருபத்தெட்டு வருஷத்தில் என் கையால் ஒருவன் கால்கூடப் போகவில்லை.

இதைச் சொன்னதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அதேதான் அப்பா. உங்கட கைக்குத் தெரிஞ்சதை நாங்க எழுதிக் காட்டுறோம்." எப்படி என்றும் காட்டினாள். இரண்டு முழத்தை ஒரு முழமாக்கு, ஒரு முழத்தை ஒரு சாணாக்கு, சாணை விரற்கடையாக்கு. "சின்னதாக்கிக்கிட்டே போவோம். சைபர் ஆகாது. ஆனா எங்க போய் நிக்கப் பாக்குதெண்டு தெரிஞ்சிரும். கடைசியில நிக்கிற இடம் வேற, நடுவுல இருக்கிற இடம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

அன்று முழுக்க எதிரே வந்த டிராம், மாட்டு வண்டி, சைக்கிள் எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தேன். இவ்வளவு நாளும் நான் கால்குலஸ் செய்துகொண்டிருந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

அப்புறம் மூன்று மாதத்தில் அவள் நோட்டு நான் நுழைய முடியாத இடத்துக்குப் போய்விட்டது. மேலே ஒரு வால், கீழே ஒரு வாலாக நீண்ட கொக்கி மாதிரி ஏதோ குறி பக்கத்துக்குப் பக்கம் நின்றது. தனக்குள் இங்கிலீஷில் முணுமுணுப்பாள். கூப்பிட்டால் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் தமிழுக்கு வருவாள்.

4

இரண்டாம் சோதனைக்கு முன்னால் காலேஜுக்குப் பத்து நாள் லீவு விட்டார்கள். ஊரில் என் அக்கா மகன் கல்யாணம். உங்களில் பாதிப்பேர் பந்தியில் இருந்தீர்கள். சோதனை லீவு முடிந்த திங்கட்கிழமை. செண்பகம் வரமாட்டேன் என்றாள். "திங்கக்கிழம கதவு சாத்துறதுக்குள்ள ஒன்ன வகுப்புல கொண்டுபோய் ஒக்கார வைக்கிறது என் பொறுப்பு" என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன்.

கல்யாண வீட்டில் அவள் ஆமாம் என்பதற்கு "ஓம்" சொல்லும்போதெல்லாம் நீங்கள் சிரித்தீர்கள். அக்கா, "என்னளா இது, நாங்க என்ன கேட்டாலும் ஓமம் வளக்கிற" என்றாள். கொழும்பில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். இங்கே வந்தாலோ, யாழ்ப்பாணத்துக்காரர்கள் அவள் பேச்சைக் கேட்டு "இந்தியாப் பிள்ளையோ" என்று கேட்கிறார்கள். அவள் பாவம்.

திரும்பும்போது சனிக்கிழமை காலை மண்டபம் முகாமில் இறங்கினோம். இலங்கைக்குப் போகிறவர்கள் அம்மை, பேதி ஏதும் கொண்டுபோகாமல் இருக்க அங்கே பார்த்துத்தான் அனுப்புவார்கள். அங்கே இரண்டு வரிசை. கொழும்பில் குடியிருக்கிறவர்கள் அதற்குக் கடிதம் வைத்திருந்தால், டாக்டர் நாடி பார்த்து அன்றைக்கே கப்பலுக்கு விடுவார். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஆறு நாள் முகாமில் தங்க வேண்டும். என் சட்டைப் பையில் கடிதம் இருந்தது. சரியான வரிசையில்தான் போய் நின்றேன்.

அப்போது பக்கத்து வரிசையில் ஆறுமுகம். என்னோடு மிளகாய்த் தோட்ட வாத்தியாரிடம் படித்தவன். நாற்பது வருஷமாகப் பார்க்கவில்லை.

"எலேய் ஆறுமுகம்."

"யாரு, கொழும்பு அண்ணாச்சியா? இன்னும் இருக்கீரா வேய்?"

அவன் வரிசைக்குப் போய்விட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வள்ளியம்மையும் செண்பகமும் பின்னாலேயே வந்தார்கள். வாத்தியார் செத்த கதை, அந்தத் தோட்டத்தை யார் வாங்கினார்கள் என்கிற கதை, அவன் மருமகன் கதை. வரிசை நகர நகர நாங்களும் நகர்ந்திருக்கிறோம். நடுவில் ஒருவர் பேர் என்ன என்றார், சொன்னேன். எத்தனை பேர் என்றார், மூணு என்றேன். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்று சீட்டைக் கையில் கொடுத்தார்.

செண்பகம் சீட்டை வாசித்தாள். "அப்பா, இது எந்த வரிச?"

கடிதத்தை எடுத்து நீட்டினேன். அந்தக் குமாஸ்தா நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு, "பெரியவரே, இத முதல்லயே காட்டிருக்கலாமே. புஸ்தகத்துல பேரு ஏறிருச்சுன்னா ஆறாம் நாள்தான் எறங்கும்" என்றார்.

செண்பகம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வள்ளியம்மை சொன்னாள். ஆறு நாளும் சொன்னாள். அதை எழுதுவதற்குத் தாள் போதாது.

5

திங்கட்கிழமை காலை செண்பகம் நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "இப்ப மணி அடிப்பாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "கதவு சாத்தியாச்சு" என்றாள். அப்புறம் சோதனைக்கு வரக்கூடிய கணக்குகளைத் தானாகவே போட ஆரம்பித்தாள். நான் ஆறுமுகத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவன் என்ன தப்புச் செய்தான், பாவம். ஆனாலும் வாய் வரவில்லை.

தினமும் காலையில் டாக்டர் வருவார். நாக்கு, கண், நாடி பார்த்து ஒவ்வொருவர் சீட்டிலும் அன்றைய தேதிக்கு நேராகக் கையெழுத்துப் போடுவார். செண்பகம் அவரிடம் தினமும் ஒரே கேள்வி கேட்டாள். நோய்க்கு இங்கே வருத்தம் என்று பேர்.

"டொக்டர், இண்டைக்கு எனக்கு வருத்தம் இருக்கா, இல்லையா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா ஏன் வச்சிருக்கேன்? நேத்தவிட இன்னைக்குச் சந்தேகம் கம்மி. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை, நோய் எதுவும் இல்லை என்று எழுதி முத்திரை குத்தி விட்டார். வெள்ளிக்கிழமை காலை கொழும்பு. வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு வள்ளியம்மையை அனுப்பிவிட்டு நேரே காலேஜுக்குப் போனோம்.

ஆபீஸ் குமாஸ்தா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில உடம்பு சுகமெண்டுதானே எழுதியிருக்கு. சுகமில்லையெண்ட சீட்டுத்தான் எனக்கு வேணும்." திங்கட்கிழமை காலையில் பேரை எடுத்துவிடுவோம் என்றும், அதற்குள் லெக்சரர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் உண்டு என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. "நம்ம தெரு டாக்டர்ட்ட ஒரு காய்ச்சச் சீட்டு வாங்கிருவமா? எனக்காகக் குடுப்பாரு."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "விட சரியா வரும். வழி தப்பு. மார்க் இல்ல, அப்பா."

6

லெக்சரர் யாழ்ப்பாணத்துக்காரர். வீடு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஒரு ஒழுங்கையில், நம் ஊரில் சந்து என்போமே, அதில். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் போனோம். "நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். நான் கதைக்கிறன்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் ஓம் என்றேன்.

அந்த ஒழுங்கைகளில் ஒரு பழக்கம் உண்டு. கடலோரம்தான் ரயில் பாதை. ரயில் வந்தால் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அப்படியே நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பெட்டி போனபிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். எனக்கு அது தெரியாது. வின்ச் சத்தத்தில் பழகினவன், சத்தம் வந்தால் நானும் சத்தம் போடுவேன்.

லெக்சரர் வேட்டியோடு நாற்காலியில் இருந்தார். "இருங்கோ ஐயா" என்றார். செண்பகம் வாயைத் திறக்குமுன் ரயில் வந்தது. அவரும் நிறுத்தினார், அவளும் நிறுத்தினாள். இடம் கிடைத்ததென்று நான் ஆரம்பித்துவிட்டேன். ஆறுமுகம், வரிசை, குமாஸ்தா எல்லாவற்றையும் ரயிலுக்கு மேலே கத்திச் சொன்னேன். ரயில் சட்டென்று போய்விட்டது. "தப்பு என்னுது, பிள்ளைய வெளிய தள்ளாதீங்க" என்பது மட்டும் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து பார்த்தார்.

லெக்சரர் சிரிக்கவில்லை. "ஊர்க்காரனோட கதைச்சதுக்கு ஆறு நாளோ" என்றார். பிறகு, "ஐயா, அந்த விதியை எழுதினது நான்தான். உங்களுக்கெண்டு நான் மாத்தினா மற்றப் பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது? பொய்ச் சீட்டோட வாற ஆக்கள் எத்தினை பேர் தெரியுமோ?"

"மாத்த வேணாம் சேர்" என்றாள் செண்பகம். சீட்டை நீட்டினாள். "எங்கிட்ட டொக்டர் சீட்டு இருக்கு."

அவர் வாசித்தார். "இதில உமக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டெல்லோ கிடக்கு, பிள்ளை."

"அது வியாழக்கிழம எழுதினது. சோதன திங்கக்கிழம."

"அதுக்கு?"

"சனிக்கிழம டொக்டருக்குச் சந்தேகம் நிறைய இருந்தது. ஒவ்வொரு நாளும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. வியாழக்கிழமதான் சைபர் ஆனது. திங்கக்கிழம அது சைபர் இல்ல சேர். கடைசியில எங்க போய் நிண்டதெண்டு ஆபீஸ்ல பாக்குறாங்க. அந்த நாள்ல எவ்வளவு இருந்ததெண்டுதான் பாக்கணும். அந்த நாள்ல நான் சுகமான ஆள் எண்டு சொல்ல ஒரு டொக்டரும் தயாரா இல்ல. வகுப்புக்கு விடவும் இல்ல. அந்தத் தேதிக்கு நேரா அவர்ட கையெழுத்து இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னொரு ரயில் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ரயில் போனதும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, "இஞ்சரும், மூண்டு தேத்தண்ணி" என்றார். எனக்கு அது பாதி பதில் மாதிரி இருந்தது.

"நாளைக்கு வகுப்புக்கு வாரும்" என்றார் அவளிடம். "ஆபீசுக்கு நான் எழுதித் தாறன். ஆனா ஒண்டு, பிள்ளை. கடைசிப் பரீட்சை மார்க்தான் இதுக்கும் மார்க். அங்க சறுக்கினா ரெண்டு இடத்திலயும் விழுவீர். பிறகு நானும் தூக்கேலாது."

"ஓம் சேர்."

இறங்கி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "எப்படிளா இது ஒனக்குத் தோணிச்சு?" என்று கேட்டேன். மண்டபத்திலேயே தோன்றிவிட்டது என்றாள். அப்படியானால் ஆறு நாளும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஆறுமுகம் மாமாட்ட சொல்லி, அவர் கேம்ப் முழுக்கச் சொல்லி, டொக்டர் கையெழுத்துப் போடாம விட்டிருப்பார்" என்றாள். இருக்கலாம்.

7

எழுதிக்கொண்டே வந்ததில் நேரம் போனது தெரியவில்லை. ஐந்தரை ஆகிவிட்டது. வள்ளியம்மைதான் இப்போது வாசலில் நிற்கிறாள். நான் சொன்னேன், வாசப்படி தேஞ்சிரும் என்று. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

இந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனேன். இப்போது மணி ஏழு. திரும்ப வந்து உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

செண்பகம் நடந்துதான் வந்தாள். ஓடி வருவாள் என்று எதிர்பார்த்திருந்ததால் அந்த நடையைப் பார்த்ததும் பேர் இல்லை என்றே நினைத்துவிட்டேன். செருப்பு வார் அறுந்திருந்தது. அதனால்தான் அந்த நடை. வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "இருக்குது" என்றாள்.

"எங்க இருக்குது?"

"மேலயிருந்து நாலாவது."

வள்ளியம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல் மூணு பேரும் எந்த வீட்டுப் பிள்ளைய?" என்று கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

செண்பகம் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். பலகைக்குப் பக்கத்தில் லெக்சரர் நின்றிருந்தாராம். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அடுத்த வருஷம் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கான விதித் தாளைக் காட்டி, "உம்மாலதான் இந்தக் கரைச்சல், பிழை இருக்கோ பாரும்" என்றாராம். பதினொன்றாக இருந்த விதி பன்னிரண்டு ஆகியிருக்கிறது. பன்னிரண்டாவதை அவள் மனப்பாடமாகவே சொன்னாள்: கடல் தாண்டி வரும் வழியில் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்ட மாணவர், சோதனை நாளுக்கு நேராக முகாம் டாக்டரின் கையெழுத்துள்ள சீட்டைக் காட்டினால், அது டாக்டர் சீட்டாகவே கொள்ளப்படும்.

ஆகையால் ஊர்க்காரர்களே, பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்புகிறவர்கள் தைரியமாக அனுப்புங்கள். மண்டபத்தில் கடிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள், தெரிந்த முகத்தைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள். அதற்கும் மேல் பேசாமல் இருக்க முடியவில்லை என்றால் பேசுங்கள், நானே பேசினவன்தான். ஆனால் தினமும் காலையில் டாக்டர் கையெழுத்துப் போட்டாரா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். காலேஜில் கேட்பார்கள். இப்போது அதற்கு விதி இருக்கிறது.